நித்திரை குழப்பாதவள்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டு மாடியறையில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது. பாலாம்பிகை எழும்பிப் போனால் அவளுடைய புருஷன் குலசேகரம் வந்து படுப்பார். அவர் எழும்பிப் போனால் அவள் வந்து படுப்பாள். இரண்டு பேரும் ஒன்றாகப் படுப்பது எப்போது என்று யாராவது சிநேகிதி பகிடியாகக் கேட்டால், "ஆடிக்கொருக்கா ஆவணிக்கொருக்கா" என்று சொல்லித் தானும் சிரிப்பாள். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அப்படிச் சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

குலசேகரம் இரவெல்லாம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பார். விடியப்புறம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கப் போவார். மத்தியானம் திரும்பி வந்து கட்டிலில் விழுந்தால் இரவு வேலைக்கு எழும்புமட்டும் மரக்கட்டைதான். பாலாம்பிகை காலையில் றொம்ஃபோர்ட் றோட்டில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போவாள். பின்னேரம் வந்து சமைத்து மூடிவைத்துவிட்டு, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஒஃபிஸ் கூட்டித் துடைக்க ரயில் ஏறுவாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் எழும்பிச் சாப்பிட்டுப் பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றவர்கள் லீவு கேட்கிற நாள். ஆகவே அன்றைக்குப் பகலும் ஸ்டேஷனில் அவர்தான். ஊரில் அவருக்குக் கரைசேர்க்க மூன்று தங்கச்சிமார் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆம்பிளையின் இரண்டு வேலைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பாலாம்பிகை எண்பத்து நாலில் கலியாணம் பேசி லண்டனுக்கு வந்தவள். வரும்போதே வயது முப்பத்து நாலு. பிள்ளை வேண்டும் என்ற ஆசையை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாமலே நாலு வருஷம் போய்விட்டது. யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவர் நித்திரை.

அந்த நித்திரைக்கு அவள் காவல் இருந்த விதத்தை அந்தத் தெருவில் உள்ள தமிழ்ச் சனம் முழுக்க அறியும். டெலிஃபோனைத் துவாயால் சுற்றி அலுமாரிக்குள் வைப்பாள். தேங்காய் துருவுவதை மத்தியானத்துக்கு முன் முடிக்க ஏலாதபடியால் தேங்காய்ப் பாலைத் தகரத்தில் வாங்கினாள். படிக்கட்டில் எந்தப் படி முனகும் என்பது அவளுடைய காலுக்குத் தெரியும். கீழ்வீட்டு எமில்டா, பாசையூர்க்காரி, வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லுவாள்: "பெண்சாதி எண்டால் மேலை இருக்கிறவள்தான். ஒருநாளாவது மனுசன்ரை நித்திரையைக் குழப்பியிருப்பாளோ?" இப்படி ஒரு புகழ் வந்து தலையில் ஏறிவிட்டால் இறக்கிவைப்பது லேசில்லை.

ஆனால் குறை ஒன்று அவளுக்கும் அவர்மேல் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பை. விடியப்புறம் அவர் வந்து போவது அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஆழ்ந்த நித்திரை. எழும்பிப் பார்த்தால் குடித்த கோப்பை குசினியில் இருக்காது. படுக்கையறை ஜன்னல் விளிம்பில் இருக்கும், தினமும். "லண்டனுக்கு வந்தும் கோப்பையைக் கழுவுற இடத்திலை வைக்கத் தெரியாத மனுசன்" என்று புறுபுறுத்துக்கொண்டே எடுத்துக் கழுவுவாள்.

அந்தப் படம் கடைக்கு வந்தது எண்பத்தேழாம் வருஷம், இலை கொட்டுகிற காலத்தில். சட்டத்து மூலைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கி, அவள் கண்ணாடி போடத் தொடங்கியதும் அதே ஐப்பசியில்தான். கலியாண வீடுகளுக்குப் போனால் மட்டும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். கிழவி மாதிரித் தெரிகிறதாம்.

படத்தைக் கொண்டுவந்தவர் டாக்டர் வேதவல்லி. தமிழ்நாட்டுக்காரர். வீடு ஹரோவில், வேலை கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில். ஒப்பரேஷனுக்கு முன் ஆட்களுக்கு மயக்கமருந்து கொடுக்கிறவர். மியூசியக் கடையில் வாங்கிய பெரிய அச்சுப்படம் அது. மரச்சட்டம் ஒன்றைத் தெரிந்தெடுத்துச் சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

பாலாம்பிகை அதை மேசையில் விரித்தாள். கல்லும் புல்லும் நீலமாகத் தெரிகிற ஒரு குகை வாசல். அங்கே ஓர் இளைஞன் மல்லாந்து கிடக்கிறான். இடுப்பில் ஓர் ஆட்டுத்தோல், வேறு துணி இல்லை. ஒரு கை தலைக்குக் கீழே, மற்றக் கை புல்லில் விரிந்தபடி. அவன்மேல் ஒரு பெண் குனிகிறாள். மெல்லிய வெள்ளைத் துணி அவளுடைய தோளிலிருந்து நழுவி முழங்கையில் தங்கி நிற்கிறது. அவன் வாய் சற்றுத் திறந்திருக்கிறது, அவள் வாயும்தான். அவளுடைய கை அவன் நெஞ்சுக்கு மேலே நிற்கிறது. தொடவில்லை. ஒரு விரலளவு இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்தபோது பாலாம்பிகைக்கு உள்ளங்கை சுட்டது. கடையில் யாரும் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் தலையில் ஒரு பிறை இருந்தது. வந்த வினையே அதுதான். நம்முடைய சனத்துக்குப் பெண்ணின் தலையில் பிறை என்றால் மணவறை. பாலாம்பிகைக்கும் தலைவகிட்டின் ஒரு பக்கம் சந்திரப்பிறை வைத்துத்தான் சோடித்தார்கள். சந்திரன் என்றால் ஆம்பிளை; வெள்ளைக்காரர் ஊரில் அவன் பெம்பிளை என்று யார் கண்டது? ஆகவே படத்தில் இருப்பவள் கலியாணம் முடித்தவள். சுற்றிவரக் காடு. கிடக்கிறவன் புருஷன். பின்னாலே குகை இருட்டு, அதற்குள் யமன் நிற்க வேண்டும். சந்தேகமே இல்லை, சத்தியவானைப் பறிகொடுத்த சாவித்திரி. படம் கீறினவன் வெள்ளைக்காரன் என்றபடியால் துணியில் சிக்கனம் பிடித்துவிட்டான். அவர்கள் வழக்கம் அது.

சட்டம் போட்டு முடிந்தபோது வேதவல்லி டெலிஃபோன் எடுத்தார். "கும்பகோணத்துலேர்ந்து மாமியார் வந்திருக்காங்க. இதை ஹால்ல மாட்டினா அடுத்த பிளேன் ஏறிடுவாங்க. நீங்களே வச்சுக்குங்க" என்றார். சாவித்திரி படத்தை வேண்டாம் என்கிற மாமியாரும் உலகத்தில் உண்டா என்று பாலாம்பிகைக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தியாப் பக்கத்து மாமிமார் பொல்லாதவர்கள் என்று கேள்விப்பட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் அதை மாட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் படத்துக் கண்ணாடிக்கு மேலால் சாவித்திரியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். பார்க்க வந்த எமில்டா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, உடுப்புத்தான் காணாது. எங்கடை மாதாவுக்கு எண்டால் கழுத்துமட்டும் மூடியிருப்பினம்" என்றாள்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் ரயிலுக்குப் போகுமுன் பாலாம்பிகை கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருப்பது வழக்கமாயிற்று. திரைச்சீலைக்குள்ளால் தெருவிளக்கு மெல்லிதாக வரும். குலசேகரம் மேலுக்குச் சேட்டில்லாமல் மல்லாந்து கிடப்பார். பெட்டி தூக்கித் தூக்கி இறுகின தோள். நெஞ்சில் நாலைந்து நரைமயிர். எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் போகாத பெற்றோல் மணம். அந்த மணம் அவளுக்குப் பிடிக்கும் என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அவளுக்கு அவர் வேண்டியிருந்தது. கோயிலில் நின்று கேட்கக் கூசுகிற விதத்தில் வேண்டியிருந்தது. கையை நீட்டுவாள். நெஞ்சுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துவாள். சூடு மட்டும் கையில் படும். பிறகு சுவரைப் பார்ப்பாள். அங்கேயும் அப்படியே ஒரு கை. "நீயும் நானும் பதிவிரதையள், என்ன செய்யிறது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முனகாத படிகளாகப் பார்த்து மிதித்து இறங்கிப் போவாள்.

அடுத்த வருஷம் மாசி மாதம் ஹரோவில் ஒரு கலியாணம். இரண்டு பேரும் விழித்திருக்கும்போது ஒன்றாகப் போன அபூர்வமான நாள். சாப்பாட்டு வரிசையில் கையில் தட்டோடு நின்றபடி குலசேகரம் சொன்னார்: "முதலாளி கோவென்றியிலை புதுசா ஒரு ஸ்டேஷன் எடுக்கிறார். என்னைப் போய் அதைப் பொறுப்பாப் பாக்கட்டாம். மேலை ஒரு அறை இருக்காம், ஒருத்தருக்குத்தான் காணும். மாசத்திலை ஒருக்கா வந்து போகலாம். வாற கிழமை முடிவு சொல்ல வேணும்."

மாதத்தில் ஒருக்கா. இப்போது நித்திரையிலாவது பார்க்கிறாள். இனி அதுவும் இல்லை. போகாதேங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். முன்னால் ஆட்கள், பின்னால் ஆட்கள், அகப்பையோடு ஒருவர் "சோறு போடட்டோ அக்கா" என்று நிற்கிறார். "உங்களுக்குச் சரியெண்டால் சரி" என்றாள். அவர் கொஞ்சம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டை நீட்டினார். நல்ல பெண்சாதி என்று பெயர் எடுத்தவளுக்கு வாயில் அந்த ஒரு வசனம்தான் இருந்தது. எனக்கென்றால் அந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருக்கிறது.

முடிவு சொல்ல வேண்டிய கிழமையும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை வேதவல்லி மகளுடைய நடன அரங்கேற்றப் படம் ஒன்றுக்குச் சட்டம் போடக் கடைக்கு வந்தார்.

"டாக்டர், உங்கடை சாவித்திரி எங்கடை அறையிலை சுகமா இருக்கிறா" என்றாள் பாலாம்பிகை.

"எந்தச் சாவித்திரி?"

"நீங்கள் தந்த படம். வெள்ளிக்கிழமையிலை பொட்டும் வைக்கிறனான்."

வேதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலாம்பிகையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அது சாவித்திரி இல்லைங்க. கிரேக்கக் கதை. அவ நிலா. அங்க நிலா பெண் தெய்வம். பேரு செலினி. அவன் ஆடு மேய்க்கிற பையன். அவன்மேல அவளுக்கு உயிர்."

"அப்ப அவன் செத்துப்போய்க் கிடக்கிறானோ?"

"தூங்கறான். அவனுக்கு வயசாகக் கூடாது, சாவு வரக் கூடாதுன்னு அவ வரம் கேட்டா. கிடைச்சது தூக்கம். என்னைக்கும் முழிக்காத தூக்கம். அவ தினம் ராத்திரி வருவா, பக்கத்துல உக்காந்து பார்ப்பா, விடிஞ்சா போயிடுவா."

"எழுப்ப மாட்டாவோ?"

"எழுப்பினா வரம் போச்சே. தூங்கற அழகைப் பார்த்துக்கிட்டே இருக்கறதுதான் அவளுக்குக் கிடைச்சது. போன நூற்றாண்டுல பிரான்ஸ்ல இப்படி ஒரு கூட்டம் இருந்தது. சிம்பலிஸ்ட்னு சொல்வாங்க. கண்ணுக்குத் தெரியறதை விட்டுட்டு, மனசுக்குள்ள கிடக்கற ஆசையையும் பயத்தையும் பழைய கதையில வச்சு வரைவாங்க. எனக்கு அந்தக் கைதான் பிடிச்சுது. அவ்வளவு ஆசை, ஆனா தொடல பாருங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிச் சிரித்தார். "நானும் தினம் ஆளுங்களைத் தூங்க வைக்கறவதான். ஆனா எழுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். பாலாம்பிகைக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் சாவித்திரியோடு மனதுக்குள் சண்டை. அவள் யமனுக்குப் பின்னாலே நடந்து, வாதாடி, வாய் ஓயாமல் கதைத்துப் புருஷனை எழுப்பினவள். நான் யாரோடு வாதாடினேன்? ஓர் அலாரம் மணிக்கூட்டோடுகூட வாதாடவில்லையே. எழுப்பாமல் இருப்பதுதான் பத்தினித்தனம் என்று யார் எனக்குச் சொன்னது? எமில்டாவின் புகழ்ச்சியைக் கேட்டுக் குளிர்ந்து குளிர்ந்து நாலு வருஷத்தைக் கரைத்துவிட்டேனே. அழுகை வந்தது. தெரு என்றும் பாராமல் அழுதாள்.

அறையில் அவர் வழக்கம்போல மல்லாந்து கிடந்தார். படத்தில் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இப்போது பார்த்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் பக்தியும் இல்லை, துக்கமும் இல்லை, பசி. அது தன்னுடைய முகம் என்று பாலாம்பிகைக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட, இப்படியே இருந்துவிடுவேனோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

லைட்டைப் போட்டாள். கட்டிலில் இருந்து, கையை நெஞ்சுக்கு மேலே கொண்டுபோனாள். இந்த முறை நிறுத்தவில்லை. வைத்தாள்.

"இஞ்சாருங்கோ."

குலசேகரம் துடித்துப் பதைத்து எழும்பினார். "நேரம் போட்டுதோ?"

"இல்லை. நேரம் கிடக்கு."

"ஊரிலை ஆருக்கும் ஏதேனுமோ?" அவருடைய முகம் வெளுத்துவிட்டது. ஊரில் சண்டை நடந்த அந்த வருஷங்களில் நித்திரையால் எழுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. எனக்குத்தான்."

"உமக்கு என்ன?"

"நீங்கள் கோவென்றிக்குப் போகாதேங்கோ. என்னாலை தனிய இருக்க ஏலாது. இப்பவும் தனியத்தான் இருக்கிறன்." ஒருமாதிரிச் சொல்லி முடித்துவிட்டாள்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளிச்சத்தில் அவளையே உற்றுப் பார்த்தார். ஏதோ பிசகு இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை.

"நீர் எப்ப கண்ணாடி போடத் தொடங்கினீர்?"

பாலாம்பிகை கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐப்பசியிலை இருந்து."

"விடிய நான் பாக்கேக்கை இல்லையே."

"நித்திரையிலை ஆர் கண்ணாடி போடுறது?" என்று கேட்ட பிறகுதான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது. "விடிய என்னைப் பாக்கிறனீங்களோ?"

குலசேகரம் திருடன் அகப்பட்டதுபோலத் தலையைக் குனிந்தார். "தேத்தண்ணியைக் கொண்டு மேலை வருவன். ஜன்னலடியிலை நிண்டு குடிக்கிறது. குடிச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பன். எழுப்ப மனம் வராது. பாவம், நீர் படுக்கிறதே கொஞ்ச நேரம்."

ஜன்னல் விளிம்புக் கோப்பைகள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. எத்தனை நூறு கோப்பை. ஒவ்வொன்றையும் திட்டித் திட்டிக் கழுவியிருக்கிறாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். நித்திரை வேறு எதையெல்லாம் அறியாமல் போகும் என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

"கலியாண வீட்டிலை நீர் 'சரி' எண்டு சொல்லேக்கை, உமக்கு நான் இல்லாட்டிலும் ஒண்டுதான் போலை எண்டு நினைச்சன்" என்றார். பிறகு கால்மாட்டுப் படத்தைக் கையால் காட்டினார். "படுக்கேக்கை அந்தப் பெட்டையைத்தான் பாக்கிறனான். இண்டைக்குத் தொடுவாள், நாளைக்குத் தொடுவாள் எண்டு நானும் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயிலை விட்டுவிட்டாள். அவர் சாப்பிடும்போது எதிரே இருந்து பார்த்தாள். இவருக்குக் கறியில் முருங்கைக்காயை ஒதுக்கிவைக்கிற பழக்கம் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவர் கோவென்றியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"விடிய வரேக்கை என்னை எழுப்புங்கோ" என்று மேலே நின்று சொன்னாள்.

"பாப்பம்" என்றார். "பாப்பம்" என்றால் யாழ்ப்பாணத்தில் ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம்.

அன்றிரவு அவள் அரைகுறையாகத்தான் உறங்கினாள். விடியப்புறம் பூட்டில் திறப்புத் திரும்பிய சத்தம் கேட்டது. கேத்திலில் தண்ணீர் கொதித்தது. கரண்டி கோப்பையில் தட்டியது. முனகுகிற படிகளை அவரும் விலக்கித்தான் மிதிக்கிறார் என்பது கேட்டுக்கொண்டு கிடந்தபோது தெரிந்தது. பாலாம்பிகை கண்ணைத் திறக்கவில்லை. அவராக எழுப்ப வேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். நாலு வருஷத்துக்கு ஒருநாளாவது அவள் வேண்டுமென்று ஒருவர் எழுப்பட்டுமே.

பெற்றோல் மணமும் தேயிலை மணமும் கிட்ட வந்தன. ஜன்னலடியில் அவர் நிற்பது தெரிந்தது. உறிஞ்சுகிற சத்தம். நேரம் போய்க்கொண்டிருந்தது. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவுப் பக்கமாகப் பலகை ஒன்று கிறீச்சிட்டது. போகிறார். கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது. இந்த நாலு வருஷத்தில் அவள் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

கட்டில் ஒரு பக்கம் பதிந்தது. மூக்கில் குளிராக ஏதோ பட்டது. மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து, பெட்டி தூக்கிக் காய்த்துப்போன விரல்களால் குலசேகரம் அவளுடைய முகத்தில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். காம்பு காதில் ஏறாமல் கன்னத்தைக் குத்தியது.

"இஞ்சரும். எழும்பும்."

அவள் கண்ணைத் திறந்தாள். "தலைகீழாப் போட்டிருக்கிறியள்" என்றாள்.

அவர் கழற்றித் திருப்பி மாட்டினார். "இப்ப தெரியுதோ?"

"தெரியுது."

"கோவென்றிக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லி ராவே முதலாளிக்குச் சொல்லிப்போட்டன்" என்று சொல்லிக்கொண்டு அவர் ஜன்னல் விளிம்பிலிருந்து கோப்பையை எடுத்து நீட்டினார். அதில் பாதித் தேத்தண்ணி மிச்சம் இருந்தது. அது ஆறிப்போயிருந்தது, அவள் அதை முழுக்கக் குடித்தாள். மொத்த வியாபாரக் கடைக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குலசேகரம் பிந்திப் போனார்.